நியூட்ரான் எண்ணிக்கை கிடைத்துவிட்டது, திசையை எப்படி நம்புவது? (பிளாஸ்மா ஃபோக்கஸ் கோணப் பரவல்)

தாழை | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். எங்களிடம் 3 கிலோ ஜூல் அளவில் சின்ன பிளாஸ்மா ஃபோக்கஸ் கருவி ஒன்று இருக்கிறது. டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) வாயுவை நிரப்பி, மின்தேக்கியில் சேர்த்த மின்சாரத்தை ஒரே வீச்சில் உள்ளே விடுவோம். ஆனோடு (நேர்மின்வாய்) முனையில், வாயு அயனிகளாகி உண்டான பிளாஸ்மா இறுகிச் சுருங்கும் கணத்தில் நியூட்ரான் வெளிவரும், ஒரு ஷாட்டுக்குப் பத்துக் கோடி அளவில்.

கருவி படுக்கைவாட்டில் இருக்கிறது. அச்சுக்கு நேர் முன்னால் (0 டிகிரி) ஒரு வெள்ளி கவுன்ட்டர் (வெள்ளித் தகட்டை வைத்து நியூட்ரானை எண்ணுவது), பக்கவாட்டில் (90 டிகிரி) ஒன்று, பின்னால் (180 டிகிரி) ஒன்று, மூன்றையும் 1 மீட்டர் தள்ளி வைத்தேன். 40 ஷாட் எடுத்துச் சராசரி பார்த்தால், பக்கவாட்டைப் போல 1.6 மடங்கு முன்னால் வருகிறது. பின்னால் மிகக் குறைவு, பக்கவாட்டைவிடவும் குறைவு.

"இதை வைத்து என்ன சொல்லப்போகிறாய்?" என்று என் வழிகாட்டி கேட்டார். முன்னோக்கி ஓடும் அயனிக் கற்றைதான் காரணம் என்றேன். "எண்ணிக்கை மட்டும் போதுமா, யோசித்து வா" என்று அனுப்பிவிட்டார். இரண்டு நாளாக யோசிக்கிறேன். இந்த வகை அளவீட்டில் கைபட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய_சின்டிலேட்டர் | செவ்வாய், இரவு 11.15

தாழை, உங்கள் வழிகாட்டி சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். அறுபது ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு நாடே இந்தக் கேள்வியில் தடுக்கி விழுந்தது. கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் ஹார்வெல் ஆய்வகத்தில், பிளாஸ்மாவைச் சூடாக்கி அணுக்கருக்களை இணைய வைக்க, ஜீட்டா என்று ஒரு பெரிய வளையக் கருவி கட்டினார்கள். வளையத்தின் விட்டம் 3 மீட்டர், குழாயின் விட்டம் 1 மீட்டர். 1957 ஆகஸ்டில் ஓட ஆரம்பித்தது, அந்த மாதக் கடைசியிலேயே நியூட்ரான் வந்துவிட்டது. ஒரு துடிப்புக்குப் பத்து லட்சம் வரை. வெப்பநிலை 50 லட்சம் டிகிரி என்று கணித்தார்கள். அந்தச் சூட்டில் எவ்வளவு நியூட்ரான் வரவேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு வந்தது. 1958 ஜனவரியில் இதை உலகத்துக்கே அறிவித்தார்கள். இது சூட்டினால் வரும் நியூட்ரான்தானா என்று நிருபர்கள் விடாமல் கேட்க, ஆய்வகத் தலைவர் ஜான் காக்கிராஃப்ட் தனக்கு 90 சதவீதம் நிச்சயம் என்றார். மறுநாள் பத்திரிகைகளில் அந்த மீதிப் பத்து காணாமல் போனது.

அதே ஹார்வெலில் சைக்ளோட்ரான் (துகள் முடுக்கி) பக்கம் வேலை செய்த பேசில் ரோஸ் என்பவர் அந்தப் பத்தைக் கையில் எடுத்தார். எத்தனை நியூட்ரான் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு திசையிலும் நியூட்ரானின் ஆற்றல் என்ன என்று பார்த்தார். முகில் அறைக்குள் (துகள் போன வழி ஆவியில் கோடாகத் தெரியும் பெட்டி) நியூட்ரான் மோதித் தள்ளிய புரோட்டான்களின் தடங்களை அளந்தார். அடுத்துச் செய்ததுதான் எனக்கு இன்றும் பிடித்த காரியம். டிடெக்டரை நகர்த்தாமல், ஜீட்டாவில் ஓடும் மின்னோட்டத்தின் திசையை மாற்றி ஓட்டச் சொன்னார். நியூட்ரான் ஆற்றலும் கூடவே மாறியது. வெறும் சூட்டினால் வரும் நியூட்ரானுக்கு மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரியவே கூடாது. தெரிந்திருக்கிறது என்றால், மின்னோட்டத்தோடு சேர்ந்து ஓடும் டியூட்ரான்கள்தான் (டியூட்டீரியத்தின் அணுக்கருக்கள்) அவற்றை உண்டாக்கியிருக்கின்றன. மே மாதம் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

முகில் அறைத் தடங்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து அளப்பது எவ்வளவு பொறுமை வேண்டும் வேலை என்பது செய்தவருக்குத்தான் தெரியும். ஊரெல்லாம் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவர் அதைச் செய்தார். அவர்மேல் எனக்கு மிகப் பெரிய மரியாதை உண்டு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எண்ணிக்கையின் கோணப் பரவல் ஒன்று, ஆற்றலின் கோணப் பரவல் இன்னொன்று. உங்களிடம் இருப்பது முதலாவது மட்டும். அதில் சுவரும் தூணும் மேசையும் கலந்திருக்கும்.

திசைமானி | புதன், காலை 7.05

ஐயா சொன்னதற்குக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

இரண்டு டியூட்ரான் சேர்ந்தால் ஹீலியம்-3 உம் நியூட்ரானும் கிடைக்கும். இரண்டும் மெதுவாக வந்து மோதினால் நியூட்ரானுக்கு 2.45 மெகா எலக்ட்ரான் வோல்ட் (இனி மெ.எ.வோ.), எந்தத் திசையிலும் அதேதான். இப்போது ஒரு டியூட்ரான் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டோடு (கி.எ.வோ.) ஓடிவந்து, நின்றுகொண்டிருக்கும் இன்னொன்றை மோதுகிறது என்று வையுங்கள். முன்னால் போகும் நியூட்ரானுக்கு 2.617, பின்னால் போவதற்கு 2.303. வித்தியாசம் சுமார் 310 கி.எ.வோ.

கொடுத்த தள்ளு 20, கிடைத்த வித்தியாசம் 310! முதல் தடவை இதைக் கணக்கிட்டபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்றே நினைத்தேன். தப்பில்லை. ஓடும் பேருந்திலிருந்து பந்தை எறிவது போலத்தான். கூடுவது வேகம், ஆற்றலோ வேகத்தின் வர்க்கம். ஏற்கெனவே மிக வேகமாகப் போகும் நியூட்ரானோடு சின்ன வேகம் ஒன்று சேர்ந்தால்கூட ஆற்றலில் பெரிதாகத் தெரியும்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். சூட்டினால் வரும் நியூட்ரான் என்றால் ஆற்றல் வரைபடத்தில் 2.45-ஐச் சுற்றி ஒரு மேடு மட்டும் இருக்கும். அதன் அகலம், பாதி உயரத்தில், 82.5 கி.எ.வோ.வை வெப்பநிலையின் (கி.எ.வோ.வில்) வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும். ஜீட்டாவின் 50 லட்சம் டிகிரி என்பது 0.43 கி.எ.வோ., அகலம் 54 வரும். ஆக, ஒரு பக்கம் 54 அகல மேடு நகராமல் நிற்க வேண்டும், இன்னொரு பக்கம் 300 அளவுக்கு மேடே இடம் மாற வேண்டும். முகில் அறையால் பிரித்துச் சொல்ல முடிந்தது இதனால்தான்.

எண்ணிக்கை இவ்வளவு தெளிவாகப் பேசாது. அதே 20 கி.எ.வோ.வுக்கு, இயக்கத்தால் மட்டும் முன்-பின் எண்ணிக்கை விகிதம் 1.14 தான். 100 கி.எ.வோ. ஆனாலும் 1.33 தான். சுவரிலிருந்து திரும்பி வரும் நியூட்ரான் இதை எளிதாக விழுங்கிவிடும்.

இன்னொன்று தாழை, நீங்கள் பார்ப்பது 0-க்கும் 90-க்கும் உள்ள விகிதம். டியூட்ரான்-டியூட்ரான் வினை இயல்பிலேயே எல்லாத் திசைக்கும் சமமாக நியூட்ரானைத் தராது. கற்றை வந்து மோதும்போது, சில பத்து கி.எ.வோ.விலேயே, கற்றையின் அச்சில் முன்னும் பின்னும் அதிகம், பக்கவாட்டில் குறைவு. அந்தச் சமமின்மை 90 டிகிரிக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். எனவே 0-ஐ 90-ஓடு ஒப்பிட்டால் இரண்டு விளைவும் கலந்து வரும். 0-ஐ 180-ஓடு ஒப்பிட்டால் இயக்கம் மட்டும் மிஞ்சும். டியூட்டீரியம்-டிரிட்டியம் (அதைவிடவும் கனமான ஹைட்ரஜன்) என்றால் குறைந்த ஆற்றலில் இந்தத் தொல்லை கிடையாது, அது சமமாகவே தரும்.

மலாயா_வாசி | புதன், மதியம் 1.20

3 கிலோ ஜூல் என்றதும் ஓடி வந்துவிட்டேன். நான் படித்தது கோலாலம்பூரில். 1980-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சிங் லீ தலைமையில், வளரும் நாடுகளின் ஆய்வகங்களும் தாங்களே கட்டி ஓட்டக்கூடிய ஒரு பிளாஸ்மா ஃபோக்கஸ் வடிவமைத்தார்கள். 30 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்று, 15 கிலோ வோல்ட், 3.3 கிலோ ஜூல். பல நாட்டு ஆய்வாளர்கள் பயிற்சிக்கு வந்து, கருவியோடு ஊர் திரும்பினார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கும் ஒன்று போனது. உங்களுடையது அந்த வம்சமாக இருக்கலாம்.

அனுபவத்தில் மூன்று விஷயம் சொல்கிறேன். ஒரு ஷாட் போல இன்னொரு ஷாட் இருக்காது. அதே அழுத்தம், அதே வோல்ட், ஆனால் நியூட்ரான் இரண்டு மூன்று மடங்கு ஏறி இறங்கும். ஆகவே 90 டிகிரியில் ஒரு கவுன்ட்டரை அசைக்காமல் காவலுக்கு வைத்து, மற்றவற்றை ஷாட்டுக்கு ஷாட் அதனோடு வகுத்த பிறகுதான் சராசரி எடுக்க வேண்டும். அப்புறம், கவுன்ட்டர்களை இடம் மாற்றி மாற்றி வையுங்கள். முன்னால் இருந்தது பின்னால், பின்னால் இருந்தது பக்கத்தில். இல்லாவிட்டால் கவுன்ட்டரின் குணத்தைக் கோணத்தின் குணம் என்று எழுதிவிடுவீர்கள்.

மூன்றாவதுதான் உங்கள் 180 டிகிரி. பின்னால் என்ன இருக்கிறது? மின்தேக்கிதானே? உயர் மின்னழுத்த மின்தேக்கிகள் பலவற்றுக்குள் இருப்பது விளக்கெண்ணெய். நம் வீட்டில் வயிற்றுக்குக் கொடுப்பார்களே, அதே ஆமணக்கு எண்ணெய். அதில் ஹைட்ரஜன் நிறைய. நியூட்ரானின் வேகத்தைக் குறைத்துச் சிதறடிக்க அதைவிட நல்ல பொருள் தேட வேண்டியதில்லை. உங்கள் பின்பக்கக் கவுன்ட்டர் நேராக எதையும் பார்க்கவில்லை, எண்ணெய்ப் பீப்பாய் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தாழை | புதன், இரவு 10.30

மலாயா அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் ஆய்வகத்துக்குப் போய் மின்தேக்கியின் பெயர்ப் பலகையைப் பார்த்தேன். விளக்கெண்ணெயேதான். 180 டிகிரிக் கவுன்ட்டருக்கும் ஆனோடுக்கும் நடுவில் அரை மீட்டர் எண்ணெய்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 0 டிகிரிக் கவுன்ட்டருக்குப் பின்னால் 40 சென்டிமீட்டரில் கான்கிரீட் தூண். 90 டிகிரிக் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. நான்தான் வைத்தேன், எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்குப் பதில் இண்டியம் வைத்தால் தூணிலிருந்து வரும் மெதுவான நியூட்ரானைத் தவிர்க்கலாமா?

பழைய_சின்டிலேட்டர் | வியாழன், காலை 6.15

யோசனை சரி. உங்கள் வெள்ளிக் கவுன்ட்டரில் வெள்ளித் தகடு பாலித்தீன் கட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அது மெதுவான நியூட்ரானைத்தான் விரும்பிப் பிடிக்கும், 24.6 நொடி அரை ஆயுளில் கதிர் விட்டுத் தீர்த்துவிடும். தூணில் பட்டு வந்ததா, நேராக வந்ததா என்று பிரித்துச் சொல்லாது. இண்டியம்-115 அப்படியில்லை. சுமார் 0.34 மெ.எ.வோ.வுக்கு மேல் வரும் நியூட்ரான் பட்டால்தான் கிளர்ந்து, நாலரை மணி நேர அரை ஆயுளோடு 336 கி.எ.வோ. காமா தரும். சிதறி வலுவிழந்து வந்ததில் பெரும்பகுதி அதன் கண்ணில் படாது.

ஆனால் கணக்குப் பாருங்கள். ஷாட்டுக்குப் பத்துக் கோடி நியூட்ரான், 1 மீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 800 மட்டும். இண்டியத்தை எழுப்ப அது போதாது. பெரிய கருவிகளுக்குத்தான் அது. உங்களுக்கு நிழல் கட்டை போதும். கருவிக்கும் கவுன்ட்டருக்கும் நடுவில், நேர்க்கோட்டை மட்டும் மறைக்கும்படி நீளமான பாரஃபின் மெழுகுக் கட்டை ஒன்று. அதை வைத்து எடுப்பது சுற்றுப்புறத்திலிருந்து வருவது. வைக்காமல் எடுத்ததிலிருந்து கழித்தால் மிஞ்சுவது நேராக வந்தது. ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், சலிக்காதீர்கள்.

வேப்பம்பூ | வியாழன், மாலை 5.50

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எல்லாத் திசையிலும் சமமாக வந்தால் அது வெப்ப அணுக்கரு இணைவு, சாய்ந்து வந்தால் கற்றை என்று இந்த இழையே முடிவு கட்டிவிட்டது போல் தெரிகிறது. முன்னும் பின்னும் இரண்டு கற்றை எதிரெதிராக ஓடினால்? காந்தப் புலத்தில் அயனிகள் சுழன்று சுழன்று எல்லாத் திசையிலும் போனால்? வெப்பமே இல்லாமல் சமமாக வருமே.

திசைமானி | வியாழன், இரவு 8.25

நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, நான் அதைச் சொல்லாமல் விட்டது தவறு. சாய்வு இருந்தால் 'வெறும் சூடு' என்ற வாதம் விழும். சாய்வு இல்லாததால் அந்த வாதம் ஜெயித்துவிடாது. வளையக் கருவியில் இது இன்னும் மோசம். கொலிமேட்டர் (ஒரு திசையை மட்டும் பார்க்கவிடும் துளை) வைத்துத் தொடுகோட்டில் ஒரு துண்டை மட்டும் பார்க்காவிட்டால், இந்தப் பக்கம் நம்மை நோக்கி ஓடுவதும் அந்தப் பக்கம் விலகி ஓடுவதும் கூடிச் சமமாகத் தெரியும்.

எதிரெதிர்க் கற்றை இருந்தால் மேடு நகராது, ஆனால் அச்சுத் திசையில் அகலமாகும். சுழலும் அயனிகள் வேறு வடிவம் தரும். ஆக, எந்தத் திசையிலும் மேட்டின் இடம், அகலம், வடிவம் மூன்றும் வேண்டும். அது எந்த நேரத்தில் வந்தது என்பதும் சேர்ந்தால் இன்னும் நல்லது. அமெரிக்காவில் ஃபியூஸ் என்ற இசட்-பின்ச் (அச்சில் ஓடும் மின்னோட்டமே பிளாஸ்மாவை இறுக்கும் வகை) கருவியில், பிளாஸ்மாவின் ஓட்டத்தாலேயே அதை நிலைப்படுத்திப் பல மைக்ரோ நொடிகள் நியூட்ரான் வரவைத்தார்கள். 1958-இன் சந்தேகம் இசட்-பின்ச் என்ற பெயரோடு ஒட்டிக்கொண்டே இருப்பதால், அவர்கள் பல கோணங்களில் டிடெக்டர் வைத்து ஆற்றலை ஒப்பிட்டுக் காட்டிய பிறகுதான் பேச்சே.

வேப்பம்பூ | வியாழன், இரவு 8.50

நன்றி, இப்போது ஒத்துக்கொள்கிறேன். லேசர் இணைவிலும் இப்படிக் கோணம் பார்ப்பார்களா?

பழைய_சின்டிலேட்டர் | வியாழன், இரவு 9.30

பார்ப்பார்கள், ஆனால் கேள்வி வேறு. கலிபோர்னியாவின் நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டியில் அறையைச் சுற்றிப் பல இடங்களில் சிர்க்கோனியம் வைத்திருக்கிறார்கள். சுமார் 12 மெ.எ.வோ.வுக்கு மேல் வந்தால்தான் அது சிர்க்கோனியம்-89 ஆகும், அரை ஆயுள் 78 மணி நேரம். அங்கே டியூட்டீரியம்-டிரிட்டியம் தரும் 14.1 மெ.எ.வோ. நியூட்ரான் எரிபொருளில் பலமாக மோதிச் சிதறி வந்தால் அந்த வரம்புக்குக் கீழே போய்விடும். ஆகவே எந்தத் திசையில் சிர்க்கோனியம் குறைவாகக் கிளர்ந்ததோ, அந்தத் திசையில் அழுத்தப்பட்ட எரிபொருள் தடிப்பாக இருக்கிறது. லேசர் அழுத்திய எரிபொருள் உருண்டை எங்கே கோணலாகச் சுருங்கியது என்று வரைபடமாகத் தெரியும். இங்கே கோணப் பரவல் கற்றையைப் பிடிப்பதற்கு இல்லை, தடிப்பை அளப்பதற்கு.

தாழை, நீங்கள் அடுத்து பறக்கும் நேர முறைக்குப் போங்கள், அதாவது நியூட்ரான் ஒரு தூரத்தைக் கடக்கும் நேரத்திலிருந்து அதன் ஆற்றலைக் கண்டுபிடிப்பது. 2.45 மெ.எ.வோ. நியூட்ரான் ஒரு நானோ நொடிக்கு 2.16 சென்டிமீட்டர் போகும், 10 மீட்டரைக் கடக்க 462 நானோ நொடி. உங்கள் நியூட்ரான் துடிப்பே 50, 100 நானோ நொடி அகலம் இருக்கும் என்பதால் ஒரே டிடெக்டரை நம்பாதீர்கள். ஒரே கோட்டில், ஒரே திசையில், இரண்டு சின்டிலேட்டர் (கதிர் பட்டால் ஒளிரும் டிடெக்டர்). இரண்டு உச்சிகளுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் அளவு.

தாழை | அடுத்த செவ்வாய், இரவு 11.10

ஐந்து நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

நிழல் கட்டை செய்தோம். பாரஃபினை உருக்கி, பழைய பி.வி.சி. குழாயில் ஊற்றி, ஆறவைத்து எடுத்தோம். தூணின் பங்கைக் கழித்து, ஷாட்டுக்கு ஷாட் காவல் கவுன்ட்டரால் வகுத்ததும், 1.6 என்று இருந்த விகிதம் 1.3-க்கு இறங்கியது. நான் எழுதத் துடித்ததில் பாதி அந்தத் தூண்தான். 180 டிகிரியை இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

அப்புறம் 0 டிகிரியில் தாழ்வாரம் நேராகப் போவதால், 4 மீட்டரில் ஒரு சின்டிலேட்டர், 14 மீட்டரில் இன்னொன்று. 30 ஷாட் சேர்த்துச் சராசரி போட்டோம். உச்சிகளுக்கு நடுவில் 489 நானோ நொடி வந்தது. கணக்குப் போட்டால் 2.19 மெ.எ.வோ. அதாவது 2.45-க்கும் கீழே! அயனிகள் என்னை விட்டு விலகிப் பின்னோக்கி ஓடுகின்றன என்று அர்த்தம். ஒரு நாள் முழுக்க அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆசிலோஸ்கோப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது, நியூட்ரானுக்கு முன்னால் வரும் எக்ஸ்-ரே உச்சி கண்ணில் பட்டது. எக்ஸ்-ரே 10 மீட்டரைக் கடக்க 33 நானோ நொடிதான் ஆகும். எங்கள் இரண்டு டிடெக்டருக்கும் நடுவில் அது 84 காட்டியது. மிச்சம் 51 எங்கிருந்து வந்தது? தூர டிடெக்டருக்கு நாங்கள் போட்ட கேபிள் பத்து மீட்டர் கூடுதல். கேபிளில் மீட்டருக்கு 5 நானோ நொடி. அவ்வளவுதான் விஷயம். 489-இல் 51 போக 438. வேகம் நானோ நொடிக்கு 2.28 சென்டிமீட்டர், ஆற்றல் 2.73 மெ.எ.வோ.

திசைமானி | அடுத்த செவ்வாய், இரவு 11.25

2.73 என்றால் முன்னோக்கி ஓடும் டியூட்ரானுக்குச் சராசரியாக 50 கி.எ.வோ. எக்ஸ்-ரேயை வைத்தே கேபிளைத் திருத்தினீர்கள் பாருங்கள், அதை உங்கள் ஆய்வேட்டில் ஒரு பத்தியாகவே எழுதுங்கள். அதே 50 கி.எ.வோ.வுக்குப் பக்கவாட்டில் 2.46 வர வேண்டும், 10 மீட்டருக்கு 461 நானோ நொடி. அதையும் எடுத்துவிட்டால் முன்பக்க எண்ணுக்குத் துணை கிடைக்கும்.

தாழை | புதன், காலை 6.50

அதுதான் இப்போது சிக்கல். பக்கவாட்டில் அறைச் சுவர் 5 மீட்டரில் முடிந்துவிடுகிறது. அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது, ஆனோடு உயரத்துக்குச் சரியாக. அதைத் திறந்து வைத்தால் வெளியே வேப்பமரம் வரை 13 மீட்டர் கிடைக்கும். கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியிடம் அனுமதிக் கடிதம் கொடுத்திருக்கிறேன். ஷாட் நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் வராமல் கயிறு கட்டி ஆள் நிறுத்த வேண்டும் என்றார். மழை வராத நாளாகப் பார்த்து, இரண்டு டிடெக்டருக்கும் இந்த முறை ஒரே நீளக் கேபிள் வெட்டி வைத்திருக்கிறேன்.